தோற்பதற்கு ஓர் ஆள்

இத்தாலி மலைமேல் இருக்கும் எங்கள் கொல்லெமூரோவில் ஜெயிப்பதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. தோற்பதற்குத்தான் ஆள் தேட வேண்டும்.

சிரிக்காதீர்கள், கண்ணுகளா. சட்டம் அப்படி. ஊர்த் தலைவர் தேர்தலில் ஒரே ஒருவர் நின்றால், வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் தேர்தல் செல்லாது. எங்கள் பட்டியலில் உள்ள பெயர்களில் பாதிக்கு மேல் பெல்ஜியத்திலும் அர்ஜென்டினாவிலும் இருக்கின்றன. பாட்டன் சுரங்கத்துக்குப் போனான், பேரன் அங்கேயே கடை வைத்துவிட்டான். ஓர் ஓட்டுக்காக அவன் எதற்கு எங்கள் மலைமேல் ஏறி வரப்போகிறான்? இங்கே இருக்கிற நூற்றுச் சொச்சம் பேரும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்தாலும், அந்தப் பாதி தேறாது. ஆனால் இரண்டு பேர் நின்று, இரண்டாமவருக்கு ஓர் ஓட்டாவது விழுந்துவிட்டால் இந்தப் பாதிக் கணக்கே கிடையாது. வந்தவர்கள் போட்டது செல்லும்.

ஒரு முறை இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. தேர்தல் செல்லாமல் போனது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். நல்ல மனிதர்தான். வாரத்தில் இரண்டு நாள் வருவார், மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார், மழை வரும்போலத் தெரிந்தால் கிளம்பிவிடுவார். அந்தக் குளிர்காலத்தில் மேல்தெருவில் பனி அள்ள ஒரு கையெழுத்துக்காக ஊரே காத்திருந்தது. கையெழுத்து வந்தபோது பனி தானாக உருகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் எங்கள் தலைவர் குவிரினோ சொன்னார்: "இனிமே நான் நிக்கிறப்பல்லாம் என்கூட ஒருத்தன் தோக்கறதுக்கு நிக்கணும்."

குவிரினோ நிலம் அளக்கும் வேலை பார்த்தவர். உயரமானவர், சட்டைக் கழுத்துப் பொத்தானை எந்த வெயிலிலும் போட்டிருப்பார். ஊரில் யாருக்கு எந்த மூலையில் எத்தனை அடி நிலம் என்று அவருக்குத் தெரியும் என்பதால் எல்லோரும் அவரிடம் கொஞ்சம் பணிவாகவே பேசுவார்கள். தோற்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தது எவரிஸ்தோவை. பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். எவரிஸ்தோவைப் பிடிக்காதவர்கள் ஊரில் கிடையாது, அவர் சொல்வதைக் கேட்பவர்களும் கிடையாது. அவருடைய அணியில் பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் மனைவி எர்மெலிந்தாவின் உறவுக்காரர்கள். ஒரு மைத்துனர் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

தோற்றவருக்கும் சபையில் இடம் உண்டு. பத்து நாற்காலிகளில் மூன்று தோற்ற அணிக்கு. ஐந்து வருடம் எவரிஸ்தோ அதில் ஒன்றில் உட்கார்ந்து, குவிரினோ "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்கும்போது கை தூக்கிக்கொண்டிருந்தார்.

முதல் முறை அவருக்கு விழுந்தது ஓர் ஓட்டு.

ஓர் ஓட்டு போதும், தேர்தல் செல்லும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் முடிவை அச்சடித்து ஊர்மன்றக் கதவில் ஒட்டினார்கள். குவிரினோ தொண்ணூற்றெட்டு, எவரிஸ்தோ ஒன்று. வீட்டில் அவரும் மனைவியுமாக இரண்டு பேர் இருக்கிறார்கள். ஓட்டு ஒன்று. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் யோசித்தார்கள். சதுக்கத்தில் காப்பிக் கடை வைத்திருக்கும் தத்தேயோ முதல் ஆளாகக் கேட்டார்: "எவரிஸ்தோ, ஒரு சந்தேகம். போடாதது நீயா, வீட்டுக்காரியா?"

"நான் போட்டேன்," என்றார் எவரிஸ்தோ.

ரொட்டி வாங்க வந்த இடத்தில் எர்மெலிந்தாவைக் கேட்டார்கள். "நான்தான் போட்டேன்," என்றாள் அவள்.

இதை வைத்து ஊர் ஒரு வருடம் சிரித்தது. பக்கத்து ஊர்ச் சந்தையில்கூட அவளைப் பார்த்து "அந்த ஒரு ஓட்டு வீட்டுக்காரிதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். எவரிஸ்தோ சிரித்துச் சமாளித்துவிட்டார். எர்மெலிந்தாவால் முடியவில்லை. அவளுக்கு அது உள்ளே இறங்கிவிட்டது.

அதனால் இந்த முறை எவரிஸ்தோ மறுபடி நிற்பதாகத் தெரிந்ததும் அவள் தன் பங்குக்குக் கிளம்பினாள். துணி துவைக்கும் தொட்டியருகில், கோவில் வாசலில், முட்டை வாங்கப் போன வீட்டில், தனியாக ஒரு பெண் அகப்பட்டால் போதும், கையைப் பிடித்துக்கொள்வாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவருக்கு ஒரே ஒரு ஓட்டுப் போட்டுடுங்க. குவிரினோதான் ஜெயிப்பாரு, அது தெரிஞ்ச விஷயம். ஒரு பத்துப் பன்னெண்டு விழுந்தா அந்த மனுஷன் தலைநிமிர்ந்து நடப்பாரு. உங்ககிட்ட மட்டும்தான் கேக்கறேன்."

கண்ணில் தண்ணீர் நிற்கும். பொய்த் தண்ணீர் இல்லை. யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? ஒவ்வொருத்தியும் சரி என்றாள். ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய் புருஷனிடம், "பாவம், நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது," என்றாள். குவிரினோவே காப்பிக் கடையில் பெருந்தன்மையாகச் சொன்னார்: "எவரிஸ்தோவுக்கும் நாலு ஓட்டுப் போடுங்கப்பா. போன தடவை ரொம்ப அசிங்கமாப் போச்சு."

ஓட்டு எண்ணுவது பள்ளிக்கூட அறையில். கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். கீழ் நகரத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை பெட்டியிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பிரித்து, உயர்த்திக் காட்டி, பெயரைச் சத்தமாகப் படிப்பார்.

"குவிரினோ. குவிரினோ. எவரிஸ்தோ."

கைதட்டல். "ஒண்ணு வந்தாச்சு, தேர்தல் செல்லும்! வீட்டுக்குப் போகலாம்!" என்றார் தத்தேயோ.

"எவரிஸ்தோ. குவிரினோ. எவரிஸ்தோ."

"அடேங்கப்பா, சாதனையை முறியடிச்சிட்டான்யா!"

எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் வைத்தார். பத்தாவது ஓட்டு வந்தபோது எர்மெலிந்தா முகம் மலர்ந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தட்டினாள். இருபதாவது வந்தபோதும் சிரிப்பு இருந்தது. முப்பதுக்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியையின் குரல் மட்டும் கேட்டது. அவருக்கு எங்கள் ஊர் விஷயம் தெரியாது, தேர்தல் என்றால் இப்படித்தானே இருக்கும் என்று நிதானமாகப் படித்துக்கொண்டே போனார். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். 'உன்கிட்டயுமா கேட்டா?' என்று வாயைத் திறக்காமல் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அங்கே பார்க்கலாம்.

எவரிஸ்தோ ஐம்பத்தெட்டு. குவிரினோ ஐம்பத்தேழு.

குவிரினோ எழுந்தார். சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நேராக எவரிஸ்தோவிடம் போய்க் கையை நீட்டினார். "வாழ்த்துகள்."

எவரிஸ்தோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "வேணாம் தலைவரே," என்றார். "திரும்ப எண்ணச் சொல்லுங்க."

திரும்ப எண்ணினார்கள். அதேதான்.

வெளியே வந்ததும் எல்லோரும் எர்மெலிந்தாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "எத்தனை பேர்கிட்ட கேட்ட நீ?"

"ஒரு அறுபது பேர் இருக்கும்."

"பன்னெண்டு ஓட்டுக்கு அறுபது பேரா?"

"கேட்ட எல்லாரும் போடுவாங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்?" என்று அழுதாள். "போன தடவை போடறேன்னு சொன்னது எட்டுப் பேரு. ஒருத்தி போட்டாளா?"

பெண்கள் ஒவ்வொருத்தியாக நழுவினார்கள்.

குவிரினோ வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சதுக்கத்துக்கு வரவில்லை, ரொட்டிக் கடைக்கு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வரவில்லை. ஜன்னல் கதவுகள் மூடியே இருந்தன. எங்கள் ஊரில் ஜன்னல் அப்படி மூடிக் கிடந்தால் அது துக்க வீடு. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கோழி ரசம், ரொட்டி, பிறகு ஒரு பொட்டலம் காப்பித் தூளும் ஒரு பொட்டலம் சர்க்கரையும். இது எங்கள் கைகளுக்குப் பழகிப்போனது. கால்கள் தாமாகவே நடந்துவிடும். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒருத்தி ரசச் சட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் ஐந்தாறு பேர் போனார்கள்.

குவிரினோவின் மனைவி பால்மிரா கதவைத் திறந்து வாங்கி வைத்தாள். சமையலறை மேஜைமேல் சர்க்கரைப் பொட்டலங்கள் வரிசையாக நின்றன. குவிரினோ எட்டிப் பார்த்தார்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகலை."

"அப்ப இந்தக் காப்பித் தூள்?"

பால்மிரா அடுத்த பொட்டலத்தையும் வரிசையில் வைத்தாள். வந்தவர்கள் சும்மாவும் போகவில்லை. உட்கார்ந்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார்கள்.

"நான் ஒரே ஒரு ஓட்டுதான் தலைவரே போட்டேன்," என்றாள் மேல்தெருக் கிழவி ஒருத்தி.

"எல்லாரும் ஒரே ஒரு ஓட்டுதாம்மா போட முடியும்," என்றார் குவிரினோ.

"நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு நம்பித்தான் அவருக்குப் போட்டேன். நீங்க தோப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா உங்களுக்குத்தான் போட்டிருப்பேன்."

இப்படி ஒருவர் இல்லை, பலர். எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. ஒருவருக்கும் அவர்மேல் கோபமில்லை. எதிரி ஒருவன் இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பார். ரசம் கொண்டுவந்தவர்களை எப்படித் திட்டுவது?

போலோஞா நகரத்தில் இருக்கும் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "இங்க வந்துடுங்கப்பா. அங்க இன்னும் என்ன இருக்கு?" குவிரினோ பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். புதிய சபையின் முதல் கூட்டம் வரப்போகிற வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால், வியாழக்கிழமைப் பேருந்தில், யார் கண்ணிலும் படாமல் இறங்கிவிட வேண்டும். அதுதான் அவர் எண்ணம். பால்மிரா சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், ஊர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில், கோழிக்கூண்டுப் பக்கத்துப் பின்வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. எவரிஸ்தோ நின்றுகொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. சட்டை ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது.

"சர்க்கரை கொண்டு வரலியா?" என்றார் குவிரினோ.

"மன்னிச்சுக்குங்க தலைவரே, மறந்துட்டேன். போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"உள்ள வாய்யா. தலைவர் நீதான். என்னை ஏன் தலைவரேங்கற?"

எவரிஸ்தோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்.

"நான் ராஜினாமா பண்ணிடறேன்."

"பண்ணினா சபை கலைஞ்சிடும். மேல்கோட்டுப் போட்ட ஆளு திரும்ப வந்துடுவான்."

"அப்ப நீங்களே என் இடத்துல உக்காந்துக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்டே. சட்டம் சொல்லும்."

"ராத்திரியில தூக்கம் வரல தலைவரே. குப்பை வண்டிக்காரன் வீட்டுக்கே வந்து நிக்கறான், என்ன செய்யணும்னு கேக்கறான். குப்பை அள்ளுன்னேன். அது தெரியும், எங்க கொட்டறதுன்னு கேக்கறான். எனக்கு எப்படித் தெரியும்?"

குவிரினோ சிரித்திருப்பார், சிரிக்கிற நிலையில் இருந்திருந்தால். பால்மிரா காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். காப்பித் தூளுக்குத்தான் பஞ்சமில்லையே. குவிரினோ கொஞ்ச நேரம் மேஜைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். வெளியில சொல்லாதே. என் ஓட்டை நான் உனக்குத்தான் போட்டேன்."

"எனக்கா?"

"போன தடவை ஊர் உன்னைக் கேலி பண்ணினது மனசுல இருந்துச்சு. ஒரு மரியாதைக்குப் போட்டேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. எனக்கே போட்டுட்டிருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேன். அதனால ஊர் என்னைத் தோக்கடிக்கல, எவரிஸ்தோ. நானே என்னைத் தோக்கடிச்சுக்கிட்டேன். அதை நினைச்சுத்தான் மனசு கொஞ்சம் ஆறுது. அது ஒண்ணுதான் ஆறுதல்."

எவரிஸ்தோ செருப்பைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் எதுவென்று அவருக்குத் தெரியாது.

"அந்தக் கணக்கு சரியா வராதே தலைவரே."

"ஏன்?"

"நான் உங்களுக்குப் போட்டேனே."

"நீயா? உனக்கு நீயே போட்டுக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"அங்க போய் நின்னா கை தானா உங்க பேருக்குத்தான் போகுது. பழக்கம். போன தடவையும் அப்படித்தான். அந்த ஒண்ணு எர்மெலிந்தா போட்டது." விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நம்ம ரெண்டு பேர் ஓட்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. மிச்சம் இருக்கறது ஊர் போட்டதுதான்."

குவிரினோவின் முகத்தில் அந்தக் கடைசி வெளிச்சமும் போனது. ஒன்பது நாளாக அவர் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அது.

பால்மிரா காப்பியை ஊற்றினாள். மூன்று கோப்பைகளிலும் இரண்டிரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள். அது ஏராளம் இருந்தது.

"ரெண்டு பேரும் கணக்குப் போட்டு முடிச்சாச்சா? நானும் எவரிஸ்தோவுக்குத்தான் போட்டேன்."

"பால்மிரா!"

"எர்மெலிந்தா இதே வாசல்ல நின்னு அழுதா. உங்களுக்கு எண்பது விழும், அதுல ஒண்ணு குறைஞ்சா என்னன்னு நினைச்சேன். ஊரே அப்படித்தான் நினைச்சிருக்கு. உங்களை வேணாம்னு யாரும் சொல்லல. வேணும்னு சொல்றதுக்கும் யாரும் மெனக்கெடல. அவ்வளவுதான் நடந்தது."

இதைக் கேட்டபோது குவிரினோவுக்கு ஊசி குத்தியதுபோல் இருந்திருக்கும். ஆனால் அத்தனை நாளில் அந்த வீட்டில் யாரும் அவரைத் தடவிக்கொடுக்காமல் பேசியது அதுதான் முதல் முறை.

"நீ அஞ்சு வருஷம் என் எதிர்ல உக்காந்திருந்தே," என்றார் கடைசியில் எவரிஸ்தோவிடம். "எப்படி இருந்துச்சு?"

"மாலை வெயில் நேரா கண்ணுல அடிக்கும். திரை போடச் சொல்லணும்னு இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க 'எல்லாருக்கும் சம்மதம்தானே'ன்னு கேப்பீங்க. நாங்க கை தூக்குவோம். அதுக்கு நடுவுல திரைன்னு ஒரு சொல்லைச் சொருக இடம் வேணுமே." அவர் குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோல் சொன்னார். எழுந்து நின்றார். "வீட்டுக்குள்ள உக்காராதீங்க தலைவரே. தோத்தவன் அன்னிக்கே சதுக்கத்துக்குப் போயிடணும். நாலு கேலியோட முடிஞ்சிடும். நாள் ஆக ஆக அவங்களுக்கே உங்களைப் பார்க்கப் பயமாயிடும். வெள்ளிக்கிழமை வாங்க. நீங்க வரலேன்னா நான் அந்த மேஜைக்குப் பக்கத்துல உக்காரவே மாட்டேன்."

வியாழக்கிழமைப் பேருந்து வந்தது, நின்றது, கிளம்பிப் போனது. பெட்டி கூடத்தில் மூடிக் கிடந்தது. குவிரினோ அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகவும் இல்லை, பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. பால்மிரா கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சவரம் செய்துகொண்டார். கழுத்துப் பொத்தானைப் போட்டார். பின்வாசல் வழியாகத் தோட்டத்தைச் சுற்றிப் போனால் யார் கண்ணிலும் படாமல் ஊர்மன்றத்துக்குப் போய்விடலாம். அவர் முன்வாசலைத் திறந்தார்.

சதுக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒருவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார், சவ ஊர்வலம் போகும்போது செய்வதுபோல. இன்னும் இரண்டு பேர் எழப் பார்த்தார்கள். குவிரினோவின் நடை தடுமாறியது. அவர் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். அந்த நேரம் தத்தேயோ கடை வாசலில் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு நின்று உரக்கச் சொன்னார்:

"வாங்க வாங்க! தோக்கறதுக்குன்னு ஆள் பிடிச்சு வச்சு, அவன்கிட்டயே தோத்த மனுஷன் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். என் கடை வாசல்ல உங்களை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? வியாபாரம் ஆகும்."

எழப் பார்த்த இருவரும் பாதியில் நின்றார்கள்.

"போட்டோவுக்கு நீயே நில்லு, தத்தேயோ," என்றார் குவிரினோ. "உன் மூஞ்சி பொறந்ததுலேர்ந்து தோத்த மூஞ்சி."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தொப்பியைக் கழற்றியவர் அதை மறுபடி தலையில் வைத்தார். "இப்பதான் சொல்ல முடியுது," என்று ஒருத்தர் பின்னாலிருந்து கத்தினார், "எங்க வீட்டு எல்லைக்கல்லை நீங்க தப்பா நட்டீங்க!" "நாளைக்கு வந்து பாக்கறேன்," என்று குவிரினோ திரும்பாமல் சொல்லிக்கொண்டே நடந்தார்.

ஊர்மன்றக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த மாதிரிக் கூட்டத்துக்கு வழக்கமாக மூன்று பேர்தான் வருவார்கள், அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவராக இருப்பார். எவரிஸ்தோ தலைவர் அணியும் மூவர்ணப் பட்டையைத் தப்பான தோளில் போட்டிருந்தார். குவிரினோ உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவர் பெருமூச்சு விட்டது வாசல்வரை கேட்டது.

பெரிய மேஜையைத் தாண்டிப் போய், ஜன்னலுக்கு எதிரே இருந்த மூன்று நாற்காலிகளில் நடுவில் இருந்ததில் குவிரினோ உட்கார்ந்தார். வெயில் கண்ணில் அடித்தது. "வலது தோள்," என்று அங்கிருந்தபடியே சொன்னார். எவரிஸ்தோ பட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டார். உறுதிமொழியைத் திக்கித் திக்கிப் படித்தார். கைதட்டினார்கள்.

பிறகு எவரிஸ்தோ ஒரு தாளை எடுத்தார். முகம் மலர்ந்திருந்தது, பரிசு கொடுக்கப்போகிறவரின் முகம்.

"முதல் தீர்மானம். நம்ம பழைய தலைவர் குவிரினோ இத்தனை வருஷம் ஊருக்கு உழைச்சதுக்கு நன்றியா, பெரிய நீரூற்றுக்கு மேல அவர் பேரைப் பொறிச்சு ஒரு பளிங்குக்கல் வைக்கறது."

கூடம் முழுக்கக் கைதட்டல். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எவரிஸ்தோவின் அணியில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. குவிரினோவுக்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்த அவருடைய சொந்த ஆட்களின் கைகளும் உயர்ந்தன.

ஆளும் வரிசையில் இருந்த மைத்துனர், "எல்லாருக்கும் சம்மதம்," என்று சொல்லி முடித்துவைக்கப் பார்த்தார்.

எவரிஸ்தோ கையமர்த்தினார். "இருப்பா. எதிர்ப்பு யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கணும்." கேட்டார். அந்தக் கூடத்தில் அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டு நான் அறியேன்.

"நான்," என்றார் குவிரினோ.

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். "எதுக்கு தலைவரே?" என்றார் எவரிஸ்தோ, காயம்பட்ட குரலில். "உங்களுக்குத்தானே வைக்கறோம்."

குவிரினோ எழுந்து நின்றார். வெயிலுக்குக் கையைக் குடையாக நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"கல்லுல பேர் எழுதறது செத்தவனுக்கு. நான் பத்து நாளா துக்கச் சாப்பாடு சாப்பிட்டு முடிச்சாச்சு, எனக்குப் போதும். அது ஒண்ணு. ரெண்டாவது, அந்த நீரூற்றுக்கு வர்ற குழாய் கீழ்த்தெரு முனையில ஒழுகுது. நான் இருந்தப்பவும் ஒழுகுச்சு, நான் கண்டுக்கல. யாரும் எழுந்து கேக்கல, அதனால எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. கல்லுக்கு வச்சிருக்கற பணத்தை அந்தக் குழாய்க்குப் போடு. மூணாவது, இந்த ஜன்னலுக்கு ஒரு திரை வேணும்."

பிறகு எண்ணினார்கள். ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. கல் வைத்தார்கள், இப்போதும் இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம். குழாயைப் பற்றி மூன்று கூட்டங்கள் சண்டை போட்ட பிறகுதான் சரிசெய்தார்கள்.

அன்றைக்கும் குவிரினோதான் தோற்றார். கூட்டக் குறிப்பு எழுதும் அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, "நன்றித் தீர்மானம்தானே, ஏகமனதாகன்னு எழுதிடட்டுமா? பார்க்க நல்லா இருக்கும்," என்று மெதுவாகக் கேட்டார்.

"கூடாது," என்றார் குவிரினோ. "எதிர்ப்பு ஒன்றுன்னு எழுதுங்க. பக்கத்துல என் பேரை முழுசா எழுதுங்க." பிறகு உட்கார்ந்து, எவரிஸ்தோவைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்தது என்ன, தலைவரே?"